போதகருக்குப் பின் சபையை நடத்துவது யார்? நான்கு வழிகளின் ஒப்பீடு

எங்கள் சபை 1991-ஆம் ஆண்டு ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் ஏழு பேரோடு தொடங்கியது. இன்று 110 குடும்பங்கள் இருக்கின்றன. சொந்த நிலத்தில் ஆலயம் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்கென்று வாங்கிய அரை ஏக்கரும் இருக்கிறது. சபையைத் தொடங்கிய போதகர் ஐயாவுக்கு அடுத்த ஆண்டு எழுபது நிறைகிறது. ஜனவரியில் மூன்று நாள் உபவாச ஜெபம் முடிந்த மாலையில் அவரே எழுந்து, தமக்குப் பின் சபை எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதைத் தாம் திடமாக இருக்கும்போதே விசுவாசிகள் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தாமாக முன்வந்து அப்படிக் கேட்கும் போதகர்கள் அரிது. அந்த நல்ல மனத்துக்கு நாங்கள் செலுத்தக்கூடிய மரியாதை, முடிவை நிதானமாக எடுப்பதுதான். எங்கள் முன் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே கட்டத்தில் தமிழ்நாட்டில், எந்தத் திருச்சபையோடும் இணையாத வேறு பல தனிச் சபைகளும் நிற்பதால், எழுதியதைப் பொதுவிலும் வைக்கிறேன்.

கூட்டத்தில் பேசப்பட்ட வழிகள் நான்கு. போதகர் ஐயாவின் மகன் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு ஏழு ஆண்டுகளாக எங்களோடு ஊழியம் செய்கிறார்; பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துவிடலாம் என்றார்கள் சிலர். எங்களில் பாதிப் பேர் பிறந்து வளர்ந்து திடப்படுத்தல் பெற்றது தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.). அந்தத் தாய்ச்சபையில், பல சபைகள் ஒரு பேராயரின்கீழ் சேர்ந்த திருமண்டலத்தோடு இணைந்து அவருடைய கண்காணிப்புக்குள் போய்விடலாம் என்றார்கள் மூத்தவர்கள். உறுப்பினர்கள் அனைவரும் கூடும் பொதுக்கூட்டமே போதகரை அழைக்கவும் அனுப்பவும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும் என்றார்கள் இளைஞர்கள். மூப்பர் குழு ஒன்றை ஏற்படுத்தி, போதகரும் அக்குழுவில் ஒருவராக அமர்ந்து, எல்லாரும் சேர்ந்து நடத்தலாம் என்பது நான்காவது யோசனை.

நல்ல மனிதர் தலைவராக இருக்கும்போது எந்த ஏற்பாடும் நன்றாகவே நடக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்ட விதி ஒன்றுகூட இல்லாமல் எங்கள் சபை அமைதியாக நடந்திருப்பதே இதற்குச் சாட்சி. ஆகவே தலைவர் சரியாக இருக்கும் நாளை வைத்து இந்த நான்கையும் எடைபோடுவதில் பயனில்லை என்று எனக்குப் பட்டது. அவர் தவறுகிற நாளில், அல்லது தவறினார் என்று ஒரு ஏழை விதவை வந்து சொல்கிற நாளில், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, அந்த உரிமை எழுத்தில் இருக்கிறதா, அப்படிக் கேட்டவர் அதன்பின்னும் அதே சபையில் தலைநிமிர்ந்து இருக்க முடியுமா என்பதையே உரைகல்லாக வைத்துக்கொண்டேன்.

வேதம் ஒரே அமைப்பைக் கட்டளையிட்டிருந்தால் ஒப்பீட்டுக்கே இடமிருக்காது. அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் மிலேத்துவிலிருந்து ஆள் அனுப்பி எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார். பேச்சின் நடுவே அவர்களையே, பரிசுத்த ஆவியானவர் மந்தைக்குக் கண்காணிகளாக வைத்தவர்கள் என்கிறார். பின்னாளில் பேராயர் பதவிக்கு அடிப்படையான கண்காணி என்ற சொல்லும் மூப்பர் என்ற சொல்லும் அங்கே ஒரே ஆட்களைத்தான் குறிக்கின்றன. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் அப்படியே. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸ், கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எழுதிய கடிதங்களில், பேராயரின்றி எதையும் செய்யாதிருங்கள் என்று சபைகளை வற்புறுத்துகிறார். நான்காம் நூற்றாண்டில் பிறந்த வேத அறிஞர் ஜெரோமோ, தொடக்கத்தில் மூப்பரும் கண்காணியும் ஒருவரே, பிரிவினைகளைத் தடுப்பதற்காகவே அவர்களில் ஒருவர் மற்றவர்களுக்கு மேலாக வைக்கப்பட்டார் என்று எழுதுகிறார். எருசலேமில் பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தவர்கள் விசுவாசிகள். அவர்கள்மேல் கைகளை வைத்தவர்கள் அப்போஸ்தலர். பேராயர் முறை, மூப்பர் முறை, பொதுக்கூட்ட முறை என்ற மூன்று தரப்பாரும் தங்களுக்கு வேத ஆதாரம் காட்ட முடிகிறது என்பதே உண்மை. ஆயினும் இரண்டு காரியங்கள் எங்கும் மாறாமல் வருகின்றன. சபைதோறும் ஏற்படுத்தப்பட்ட மூப்பர் பன்மையில்தான் சொல்லப்படுகிறார்கள். அந்த மூப்பர்மேல் பிராது கொடுக்க வழி இருந்தது: இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவும் சொல்கிறார்.

முதல் வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. நள்ளிரவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டியதில்லை. போதகர் கிளம்பிப் போய்விடுகிறார். யார் வீட்டில் கடன், யார் வீட்டில் குடி, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப்போகிறது என்பதெல்லாம் ஒரே மனதுக்குள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பட்டணங்களுக்கு வெளியே புதிதாக எழும் குடியிருப்புகளில் தனிச் சபைகள் இவ்வளவு வேகமாகப் பெருகியதற்கு இந்த நெருக்கமே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். மகனும் தகப்பனைப் போல எளிமையானவர். பிரசங்கத்தில் தகப்பனைவிடத் தெளிவானவர் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் அவரைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட சபைகளில் கேள்வி எழும்போதெல்லாம் ஒரு வசனம் எடுத்து நீட்டப்படுகிறது: அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்பது. அது 105-ஆம் சங்கீதத்தில் வருகிறது. கொஞ்சப் பேராய், பரதேசிகளாய், ஒரு ராஜ்யத்தை விட்டு மறு ராஜ்யத்துக்கு அலைந்துகொண்டிருந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி கர்த்தர் கடிந்துகொண்டார் என்று சொல்லும் இடம் அது. பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கும் வார்த்தையை, பலமுள்ளவரைக் கேள்வியிலிருந்து காக்கும் வார்த்தையாக மாற்றுவது அந்தச் சங்கீதத்துக்கே செய்யும் அநீதி. சவுலின்மேல் கைபோட மறுத்த தாவீதுதான் அவருடைய சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று எல்லார் காதும் கேட்கக் கேட்டார். அந்தத் தாவீதிடமே நாத்தான் போய், நீயே அந்த மனுஷன் என்றார். அபிஷேகம் பெற்றவரைக் கொல்லாதிருப்பது வேறு, கேட்காதிருப்பது வேறு.

நான் சிறுவயதில் வளர்ந்த சபை இந்த முதல் வழியில்தான் போனது. அதன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. தொடங்கிய போதகர் இறந்தபின் மூத்த மகன் பொறுப்பேற்றார். இளைய மகன் ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்து பிரிந்தார். எந்தப் பக்கம் போவது என்று எங்கள் வீட்டிலேயே பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு வந்து, ஓர் ஆண்டு முழுவதும் அப்பா ஓர் ஆலயத்துக்கும் அம்மா வேறோர் ஆலயத்துக்கும் போனார்கள். சிக்கலின் வேர் எங்கே என்று பின்னாளில் ஆராய்ந்தபோது அது உபதேசத்தில் இல்லை, நிலப்பத்திரத்தில் இருந்தது. விசுவாசிகளின் காணிக்கையில் வாங்கிய நிலம் போதகரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தது. யாரும் திருடும் நோக்கத்தில் அப்படிச் செய்யவில்லை; அன்று சபைக்கென்று பதிவு பெற்ற அமைப்பு இல்லாததால் கையெழுத்துப் போட ஒரு பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவர் கண்மூடிய நாளில் அது வாரிசுகளின் சொத்தாகிவிட்டது. பொது அறக்கட்டளையின் பெயரில் இருந்திருந்தால், அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்திருக்கலாம். தனிமனிதர் பெயரில் இருந்ததால் அந்த வாசலும் திறக்கவில்லை.

இளம் போதகருக்கும் இந்த ஏற்பாடு நல்லதல்ல என்று நான் நினைக்கிறேன். தகப்பனின் சபையை ஏற்றவர் சோர்ந்தால் ஓய்வெடுக்க முடியாது, வேறு அழைப்பு வந்தால் புறப்பட முடியாது, தவறினால் நிதானமாகத் திருத்தப்படவும் முடியாது. அவருடைய மனைவிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதே பாஸ்டரம்மா என்ற வேலையும் சேர்த்துப் பேசப்பட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடம் இதுபற்றி இதுவரை யாரும் தனியாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வழியைப் பேசும்போது எங்கள் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. பேராயர் ஆட்சி என்பதை ஒரு தனிமனிதரின் ஆட்சி என்று எங்கள் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள், பெரும்பாலோர் இந்தியர். வெளிநாட்டு மிஷன்கள் கொண்டுவந்த பிரிவுகள் எங்களுடையவை அல்லவே, அவற்றை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபையின், முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முன்னின்றார். அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது. அந்த நீண்ட பேச்சில் மிகப் பெரிய முடிச்சு அதிகாரம் பற்றியதே: பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத ஊழியர்களின் ஊழியம் செல்லுமா? கடைசியில் எட்டிய முடிவில் இரு பக்கமும் விட்டுக்கொடுத்தது. பேராயர் பதவி ஏற்கப்பட்டது, ஆனால் சட்டதிட்டத்துக்கு உட்பட்ட வடிவில்; அந்தப் பதவியைப் பற்றி இன்ன கோட்பாட்டைத்தான் நம்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை; ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்கள் மறுபடி அபிஷேகம் பெறாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஐக்கியம் நிறைவேறியபோது அசரியா உயிரோடு இல்லை. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமாகியிருந்தார்.

அன்று மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அவர் ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபை ஊழியர், அதாவது மூப்பர் முறையில் வளர்ந்தவர், வயது 37. அவர் பொறுப்பேற்ற சபைகள் அமெரிக்க மதுரை மிஷன் வளர்த்தவை, பொதுக்கூட்ட முறையில் பழகியவை. மூப்பர் முறைக்காரர் ஒருவர் பொதுக்கூட்ட முறைச் சபைகளுக்குப் பேராயரானார் என்ற இந்த ஒரு செய்தியை எங்கள் இளைஞர்களுக்குச் சொன்னபோது அவர்கள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

இன்றைய நடைமுறையிலும் பேராயர் தனியாக இல்லை. திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துச் சில பெயர்களைத் தெரிந்து அனுப்புகிறது. அவர்களுள் ஒருவரைத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு நியமிக்கிறது. ஆயர்களுக்கு இடமாற்றமும் ஓய்வு வயதும் உண்டு, ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சேகரத்தின் கமிட்டி தேர்தலால் அமைகிறது, கணக்கு தணிக்கையாகிறது. சொத்துகளைத் தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் என்ற நிறுவனம் வைத்திருக்கிறது. எந்தப் பேராயரின் பிள்ளையும் ஆலயத்தை வாரிசுரிமையில் கேட்க முடியாது. சட்டம் தரும் ஒரு வசதியும் இதில் அடங்கும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பேராயரிடம் அபிஷேகம் பெற்றவர் தம் சபையின் விதிப்படி திருமணம் நடத்தத் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற சபைகளின் போதகர் அரசிடம் உரிமம் பெற வேண்டும். அது அவருடைய பெயருக்கே உரியது, அவரோடு முடிந்துவிடும். எங்கள் போதகர் ஐயா ஓய்வு பெறும் மாதத்தில் சபையில் மூன்று கல்யாணங்கள் நிச்சயமாகியிருப்பதால், இது எங்களுக்கு ஏட்டளவிலான விஷயம் அல்ல.

பெண்களைப் பற்றிய கேள்வியிலும் அந்தத் திருச்சபை எங்களைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பெண்களுக்கு ஆயர் அபிஷேகம் 1976-லேயே தொடங்கியது. 2013-இல் எக்கோணி புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார். எங்கள் சபையிலோ ஞாயிறு ஆராதனையில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். காணிக்கை எண்ணும் மேசையில்கூட ஒரு பெண்ணும் இல்லை.

இவ்வளவு இருந்தும் நான் இந்த வழியைப் பரிந்துரைக்காததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, எழுதப்பட்ட விதி இருப்பதும் அது மதிக்கப்படுவதும் ஒன்றல்ல. திருமண்டலத் தேர்தல்களில் அணிகள் உருவாகி, பள்ளி கல்லூரி வேலை நியமனங்களும் அந்த அணிகளைச் சுற்றியே சுழல்வதைத் தென்மாவட்டங்களில் அறியாதவர் இல்லை. நிர்வாகச் சண்டைகள் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. பேராயர்களின் ஓய்வு வயதை உயர்த்தும் விதித்திருத்தமே வழக்காயிற்று. அங்கே கேள்வி கேட்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி வழக்கறிஞரின் வாசல் வழியாகப் போகிறது, கூலிவேலை செய்யும் எங்கள் விசுவாசிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. இரண்டாவது காரணம் உபதேசம். எங்களில் பலர் பெரியவர்களானபின் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடி கொடுப்பதைத் தென்னிந்தியத் திருச்சபை ஏற்காது. நிர்வாக வசதிக்காக மனச்சாட்சியின் காரியத்தை மறைத்துக்கொண்டு இணைவது அவர்களுக்கும் எங்களுக்கும் நேர்மையாகாது.

இந்த இடத்தில் மிஷனரி ரேனியஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1820-இல் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து பாளையங்கோட்டையில் பணிசெய்த அவரை அனுப்பியது ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம். அவருடைய அபிஷேகமோ லுத்தரன். தாம் பயிற்றுவித்த தமிழ் உபதேசியார்கள் ஆங்கிலிக்கன் பேராயரின் கையால்தான் அபிஷேகம் பெற வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் முறைகளையும் வெளிப்படையாக விமர்சித்தார். 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. உபதேசியார்களில் பலர் அவரோடு நின்றார்கள், சபைகள் இரண்டுபட்டன. 1838-இல் அவர் இறந்தபின்தான் பெரும்பாலோர் பழைய சங்கத்தோடு திரும்பச் சேர்ந்தார்கள். அபிஷேகம் பண்ணும் கை யாருடையது என்ற கேள்வி கிராமத்துச் சபைகளை எப்படிக் கிழிக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே நடந்த பாடம் அது. இணைப்பையோ பிரிவையோ பற்றி முடிவெடுக்கிறவர்கள் அந்த மூன்று ஆண்டுகளில் வில்லுவண்டிகளில் அலைந்த உபதேசியார்களின் குடும்பங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, பொதுக்கூட்ட முறை, காகிதத்தில் மிக அழகானது. பாப்திஸ்து சபைகளும் பழைய மதுரை மிஷன் சபைகளும் இதில் வளர்ந்தவை. சகோதரன் கேளாமற்போனால் சபைக்குச் சொல் என்ற மத்தேயு 18-ஆம் அதிகாரத்து வார்த்தை இதற்கு நேரடி ஆதாரம். நான் இதை நீண்ட நாள் விரும்பியிருந்தேன். எங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்து உட்கார்ந்து பார்த்தபின் அந்த விருப்பம் தளர்ந்தது. 110 குடும்பங்களில் 60-க்கு மேல் ஒரே ஊரிலிருந்து பிழைக்க வந்தவை, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்தவை. தலைக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் ஒவ்வொரு தீர்மானமும் ஒரே சொந்தத்தின் கையில் இருக்கும்; மீதியுள்ளவர்கள், அவர்களில் தலித் குடும்பங்கள் இருபதுக்கு மேல், ஒவ்வொரு ஆண்டும் தோற்பதற்காகவே கூட்டத்துக்கு வர வேண்டியிருக்கும். சாதியை வெளியே விட்டுவிட்டோம் என்று நாங்கள் பாடுகிறோம்; வாக்குப்பெட்டி அதை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிடும். அன்றியும், ஒரு பெண் அழுதுகொண்டு சொன்ன முறையீட்டை 300 பேர் முன்னிலையில் விசாரிப்பது எந்தவகை நீதி? போதகரை அழைப்பது, நிலம் வாங்குவது விற்பது, விதியைத் திருத்துவது, ஆண்டுக் கணக்கை ஏற்பது ஆகிய நான்குக்கும் பொதுக்கூட்டம் வேண்டும். அன்றாட மேய்ப்புக்கும் ஒழுங்கு விசாரணைக்கும் அது பொருந்தாது.

நான்காவது, மூப்பர் குழு. இதிலும் இரண்டு வகை உண்டு. பிரதரன் சபைகளில் மூப்பர்கள் உள்ளூர்ச் சபையோடு நின்றுவிடுகிறார்கள். மேலே யாருமில்லை, சம்பளம் பெறும் போதகர் என்ற தனி நிலையும் இல்லை. இரண்டாவது வகையில், 1541-இல் ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வின் வகுத்த ஒழுங்கில் போதகர், போதனை செய்வோர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு பணிகள் பிரிக்கப்பட்டன. ஸ்காட்லாந்தில் அது வளர்ந்தபோது உள்ளூர் மூப்பர் குழுவுக்கு மேல் பல சபைகளின் போதகரும் மூப்பரும் கூடும் வட்டார மன்றம், அதற்கு மேல் பெருமன்றம் என்று படிகள் அமைந்தன. இந்த இரண்டாவது வகையில் என்னைக் கவர்ந்தது அந்த வட்டார மன்றம்தான். கேள்வி கேட்கும் உரிமை ஒரே ஆளிடம் குவியவில்லை. உள்ளூரில் கேட்க முடியாதபோது வெளியே போய்ச் சொல்ல ஓர் இடமும் இருக்கிறது, அந்த இடம் நீதிமன்றம் அல்ல.

மூப்பர் குழுவின் நோயும் எனக்குத் தெரியும். ஒருமுறை மூப்பரானவர் சாகும்வரை மூப்பர். அவர் போனால் மீதியுள்ளவர்கள் தங்கள் நண்பரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பத்து ஆண்டுகளில் ஆலயத்துக்கு அதிகம் கொடுத்த நான்கு பேரின் குழுவாக அது சுருங்கிவிடுகிறது. அதன்பின் போதகர் அவர்களுடைய சம்பளக்காரர்; அவர்களைப் பற்றிப் பிரசங்கபீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நா எழாது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு போதகரா மூப்பரா என்பது அங்கே சொல்லப்படவில்லை. முதன்மையாயிருக்க விரும்பினான் என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. அந்த விருப்பம் எந்த நாற்காலியிலும் உட்காரும்.

ஆகவே நான் முன்வைப்பது, நோய்க்கு மருந்தும் சேர்த்து எழுதிய மூப்பர் முறை. மூப்பர் ஏழு பேர். போதகர் எட்டாவது ஆள், ஒரு வாக்கு. பதவிக்காலம் மூன்று ஆண்டு, தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இல்லை, நடுவில் ஓர் ஆண்டு கட்டாய இடைவெளி. ஒரே குடும்பத்திலிருந்தோ நெருங்கிய சம்பந்திகளிடமிருந்தோ ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. போதகரின் இரத்த உறவினர் ஒருவரும் கூடாது. பெயர்களைப் பொதுக்கூட்டம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் உறுதிப்படுத்த வேண்டும். அப்போதுதான் எந்த ஒரு சொந்தமும் தனியாக ஆளைக் கொண்டுவர முடியாது. சபையைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவு செய்து, போதகர் ஐயா பெயரில் இருக்கும் இரண்டு பத்திரங்களையும் அவர் வாழ்நாளிலேயே சங்கத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். ஏழு பேர் இருந்தால் பதிவுக்குப் போதும். ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளரிடம் போக வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தொல்லையாகத் தோன்றினாலும், நல்ல தொல்லை.

இதில் மிகக் கடினமானது வட்டார மன்றத்துக்கு ஈடான ஒன்றை உண்டாக்குவது. தனிச் சபைக்கு அது இயல்பாகக் கிடைக்காது. சுற்றுவட்டாரத்தில் நாங்கள் மதிக்கும் மூன்று சபைகளின் மூத்த ஊழியர்களை, எங்களோடு பணத் தொடர்போ உறவோ இல்லாதவர்களை, எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு, போதகர்மேலோ மூப்பர்மேலோ வரும் முறையீட்டை விசாரிக்கும் உரிமையை விதியிலேயே அவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ எதிரான குற்றமானால் முதலில் காவல் நிலையம், பிறகுதான் சபை என்றும் அதே பத்தியில் எழுத வேண்டும். மூவரில் இருவரிடம் போதகர் ஐயாவே பேசிவிட்டார். ஒருவர் சம்மதித்தார், மற்றவர் தம் சபைக்கும் இப்படி ஒன்று வேண்டும், நீங்கள் எங்களுக்கு வருவீர்களா என்று கேட்டார்.

மகனைப் பற்றி: இந்த முறையில் அவர் போதகராவதற்குத் தடை ஏதும் இல்லை. வேறு இருவரோடு சேர்த்து அவரையும் பரிசீலித்து, பொதுக்கூட்டம் அழைத்தால் அவர் வரலாம். தகப்பனின் பிள்ளையாக உள்ளே வருவதற்கும் சபை அழைத்து உள்ளே வருவதற்கும் உள்ள வேறுபாட்டை மற்றவர்களைவிட அவரே அதிகம் உணர்ந்திருக்கிறார் என்று அவரோடு பேசிய மாலையில் தெரிந்துகொண்டேன். சபை அழைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேறு இடத்தில் ஊழியம் பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை அம்மாவை இங்கேதான் கூட்டிக்கொண்டு வருவேன் என்றார்.

ஏழு மூப்பரில் பெண்கள் எத்தனை பேர் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் ஒருமனம் வரவில்லை. மூன்று பேராவது வேண்டும் என்பது என் கருத்து. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் ஊழியக்காரி என்று பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறார், இங்கே வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்களும் பெண்களே. வேதத்தை உண்மையாக வாசித்து வேறு முடிவுக்கு வந்த சகோதரர்களும் எங்களில் இருக்கிறார்கள்; அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டு இந்த விதியை நிறைவேற்ற எனக்கு விருப்பமில்லை. ஆகவே இந்த ஒரு பத்தியை மட்டும் தனியாகப் பிரித்து, வரும் இரண்டு மாதங்களில் வீட்டு ஜெபக்கூட்டங்கள் ஒன்பதிலும் படித்துப் பேசுவது என்று ஏற்பாடு. விதிகளின் வரைவும் இரண்டு நிலப்பத்திரங்களின் நகலும் ஆலய வாசலில், காணிக்கைப் பெட்டிக்கு மேலே, எல்லாரும் நின்று படிக்கும் உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள்.